ஒரு நாற்காலிக்கு மட்டும் கூரை

தேவி, சரவணா,

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் குடோன் வாசலில் போட்ட சண்டை உள்ளே படுத்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. அப்பாவுக்குக் காது மந்தம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருப்பதால் நானும் அதைத் திருத்தவில்லை. வைட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட் விழாவுக்குப் பந்தல் கேட்ட அந்த அம்மா முதலில் துணி என்றாராம், அப்புறம் தகரம் என்றாராம், மறுபடியும் துணி என்றாராம். சரவணன் போனில், "மேடம், உங்களுக்கே என்ன வேணும்னு தெரியல, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டான். அப்படிக் கேட்கலாமா என்று தேவி அவனைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் இருவரும் சேர்ந்து அந்த அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று முடிவு செய்து சமாதானமாகி டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

எனக்கு அந்த அம்மா மேல் கோபமே வரவில்லை. அவர் ஒரு வாரத்தில் இரண்டு முறைதான் மாறினார். நான் ஒரே நாள் மதியத்தில் அதைவிட அதிகமாக மாறியிருக்கிறேன், அதுவும் ஆட்களைப் பந்தல் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு. அந்தக் கதையை உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. அன்று மேலே ஏறி நின்ற மஸ்தான் மாமா அரைகுறையாகச் சொல்லிச் சிரித்திருப்பார். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் தேவி திருத்திக்கொள்ளட்டும். புதிதாகச் சேர்ந்திருக்கும் பசங்களுக்கும் படித்துக் காட்டுங்கள். முளை அடிப்பதும் கயிறு முடிவதும் கையால் வருகிற வேலை, அதை எழுதிப் பயனில்லை. எழுதினால் பயன்படும் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான்.

பசங்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நம் தொழிலில் பயம் இரண்டுதான். மேலேயிருந்து வரும் தண்ணீர் ஒன்று, பக்கவாட்டில் வரும் காற்று ஒன்று. துணி ஷாமியானா காற்றுக்கு ஆடும், பொங்கும், அடங்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மழை வந்தால் அது டீ வடிகட்டி. தகரக் கூரை மழைக்குக் கெட்டி. ஆனால் காற்று அடியில் புகுந்து ஒரு தகரத்தைத் தூக்கிவிட்டதென்றால், அது எங்கே போய் யார் தலையில் இறங்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாம் எவ்வளவு கம்பி போட்டு முறுக்கினாலும் அந்த பயம் போகாது. மழை அடிக்கடி வரும், வந்தால் நனைவதோடு சரி. தகரம் பறப்பது எப்போதோ நடப்பது, நடந்தால் ஆஸ்பத்திரி. அடிக்கடி வரும் சின்னக் கஷ்டமா, எப்போதோ வரும் பெரிய கஷ்டமா, எதற்கு பயப்படுவது? நம்மிடம் பந்தல் கேட்டு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள்.

பெங்களூர் ஈஜிபுராவில் தொண்ணூற்றொன்றில் சொந்தமாகத் தொழில் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "மழை வந்தா பந்தியே நனைஞ்சு போகுமே சார், பரவால்லையா?" என்று கேட்டால் எல்லோரும் தகரம் என்பார்கள். "போன மாசம் நாம போட்டதுல முக்காவாசி காய்ஞ்சேதான் சார் முடிஞ்சுது" என்றால் அதே ஆட்கள் துணி போதும் என்பார்கள். ஒரே வானம், ஒரே ஆள். நான் கேட்கிற விதம் மட்டும் வேறு. இரண்டும் உண்மைதான் என்பதால் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. குடோனில் எந்தச் சாமான் சும்மா கிடக்கிறதோ, அதற்குத் தகுந்த கேள்வி என் வாயில் தானாக வந்துவிடும். மனித மனசைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி மஸ்தானிடம் பெருமை அடித்துக்கொள்வேன். "ஜனங்களுக்கு என்ன வேணும்னு ஜனங்களுக்கே தெரியாது மஸ்தான். நாமதான் எடுத்துக் குடுக்கணும்."

ஆனால் உங்கள் அம்மா இதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. நான் வாரம் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்கிய காலம் அது. குடோனுக்குத் தீ இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஒரு ஏஜெண்டு நாயாக அலைந்தார். "எங்கேயோ எப்போவோ நடக்குறதுக்கெல்லாம் யாரு சார் பயப்படுவாங்க?" என்று அவரை நான் வழியனுப்பியபோது அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சீட்டு விழும்னு நம்புற ஆளு, தீ விழாதுன்னும் நம்புது. ரெண்டும் எங்கேயோ எப்போவோதான். நமக்குன்னா நல்லது மட்டும் தேடிக்கிட்டு வருமோ?" அந்த ஏஜெண்டு அவளுக்குக் கைதட்டாததுதான் பாக்கி. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். சீட்டு வாங்கத்தான் போனேன்.

இனி நான் சொல்ல வந்த காக்ஸ் டவுன் கதை.

தொண்ணூற்றாறோ ஏழோ, மே மாதம். ராயப்பன் மாஸ்டர் வீட்டுக் கல்யாணம். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் அடித்தால் மூன்று தெரு தள்ளிப் போகிற பையன் அட்டென்ஷனில் நிற்பானாம். அதற்கு ஒரு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிப் போயிருந்தது. அதோடு நெஞ்சில் சளி கட்டி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தார். அவர் மனைவி லூர்து அக்கா அவரை முன்னறை ஜன்னலோரம் ஒரு கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பெண் ஸ்டெல்லா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, அவளுக்குத்தான் கல்யாணம்.

காலையில் சர்ச்சில் பூசை. அத்தனை படி ஏற முடியாது என்பதால் மாஸ்டர் அங்கே போவதாக இல்லை. அதனால்தான் சாயங்கால ரிசப்ஷனை ஹாலில் வைக்காமல் வீட்டு வாசலில் வைத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிற்கும்போது மாஸ்டர் வெளியே பந்தலில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் மகள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான். லூர்து அக்கா நான் பேசப் போன முதல் நாளே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. இன்னொரு தடவ சளி புடிச்சா தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க பந்தல் மேல எனக்கு நம்பிக்கை வரலைன்னா அவரை வெளிய தூக்கவே மாட்டேன். ஜன்னல் வழியா பாக்கட்டும்."

கட்டிலிலிருந்து மாஸ்டர் ஏதோ உறுமினார். "என்ன சொல்றாரு?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். "ஜன்னல் வழியா பாக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனான்னு கேக்குறாரு" என்றாள்.

அந்த வாரம் என் தகரமெல்லாம் வேறொரு வீட்டு விசேஷத்துக்குப் பேசியிருந்தது. அதனால் மாஸ்டரிடம் நான் என்ன கேட்டிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த மாசம் நாம போட்டது முக்காவாசி காய்ஞ்சேதான் சார் முடிஞ்சுது." அவர் இடது கையால் துணி என்று காட்டினார். அக்காவும் சரி என்றார்.

நாலைந்து நாள் கழித்து அந்த இன்னொரு விசேஷம் தள்ளிப்போனது. தகரமெல்லாம் குடோனில் சும்மா நின்றது. அதே நாள் சாயங்காலம் நல்ல மழையும் பிடித்தது. நான் நனைந்துகொண்டே காக்ஸ் டவுன் போய்க் கதவைத் தட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட லூர்து அக்காவிடம் கேட்டேன். "அக்கா, கல்யாணத்தன்னிக்கு இப்படி ஊத்தினா மாஸ்டர் நெலம என்ன?" அந்த அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "தகரமே போட்ருங்க தம்பி" என்றார். மாஸ்டரும் தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன், எவ்வளவு சுலபமாக மாறுகிறார்கள் பார் என்று.

அப்புறம் கோலார் தங்கவயலிலிருந்து லூர்து அக்காவின் தம்பி அந்தோணி வந்து இறங்கினார். எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பிக்கிற மனிதர். அவருக்குத் தெரிந்த ஒருத்தர் வீட்டு விசேஷத்தில் தகரம் பறந்து சமையல்காரர் தோளைக் கிழித்துவிட்டதாம். நம் குடோனுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் வந்தது. கடைக்காரர் தெரு முழுக்கக் கேட்க, "காக்ஸ் டவுன்ல மறுபடியும் துணியாம்!" என்று கத்தினார். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு ஒரு மழை பெய்தது. "காக்ஸ் டவுன்ல மறுபடியும் தகரமாம்!" எங்கள் தெருவில் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. இட்லி வாங்கப் போனால், "என்னண்ணா, இன்னிக்கு துணியா தகரமா?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசியாகக் கண்ட காட்சிதான் இவர்களுக்கு வேதம், படித்த குடும்பமே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல என்று மஸ்தானிடம் விளக்கம் வேறு.

கல்யாணத்தன்று காலை தகரம்தான் போட்டோம். ஜோராக நின்றது. கீழே துணி விதானம், ஜாலர், சீரியல் பல்பு. பெண் மாப்பிள்ளைக்குச் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டு. மாஸ்டருக்கும் அதே மாதிரி ஒன்று, என் தரப்பில் அன்பளிப்பாக. மதியம் சர்ச்சிலிருந்து எல்லோரும் வந்து சாப்பிட்டு ஓய்ந்த நேரத்தில் மேற்கே வானம் கறுக்க ஆரம்பித்தது. பெங்களூர் மே மாதத்து மேகம் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். வருமுன் காற்றை அனுப்பும். காம்பவுண்டில் இருந்த மாமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. என் தலைக்கு மேல் தகரம் ஒன்று, டக், என்றது.

அந்த ஒரு சத்தம்தான். சமையல்காரர் தோள் ஞாபகம் வந்தது. நான் பார்த்திராத தோள், அந்தோணிக்குத் தெரிந்த ஒருத்தருக்குத் தெரிந்த தோள், என் கண் முன்னால் ரத்தமாக நின்றது. "மஸ்தான், எறக்கு எல்லாத்தையும்!" என்று கத்தினேன்.

மஸ்தானும் ஆட்களும் ஏறி ஓரத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார்கள். காற்று நின்றது. என் முகத்தில் ஒரு துளி விழுந்தது. மாஸ்டரின் நெஞ்சுச் சளி ஞாபகம் வந்தது. "மஸ்தான், இரு, இரு. போட்ரு."

போட்டார்கள். காற்று மறுபடி வந்தது. "எறக்கிடு மஸ்தான்."

மஸ்தான் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடியே கீழே பார்த்தார். "க்யாண்ணா இது? துளி வந்தா போடு, காத்து வந்தா எறக்குன்றே. நான் என்ன பந்தல் கட்டுறேனா, உங்க ஊட்டு ஜன்னல் கதவா? வானத்தப் பாத்து ஒரு முடிவு சொல்லு, இல்ல நான் எறங்கி டீ குடிக்கப் போறேன்."

"கொஞ்சம் பொறுப்பா, யோசிக்கிறேன்" என்றேன். யோசிக்கவில்லை. சும்மா வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதற்குள் இந்தக் கூச்சலைக் கேட்டு லூர்து அக்காவும் அந்தோணியும் வெளியே வந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார் அந்தோணி. எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பந்தல்காரருக்கே பயமாயிருக்கு. போதும்" என்றார் அக்கா. "அவரு உள்ளயே இருக்கட்டும். நாற்காலிய எடுத்துடுங்க தம்பி."

ஜன்னலுக்குள் மாஸ்டர் கோட்டும் டையும் போட்டு, தலை வாரி, தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னது அவருக்குக் கேட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலை திரும்பியதை நான் பார்த்துவிட்டேன்.

அப்போது ஸ்டெல்லா வெளியே வந்தாள். பட்டுச் சேலை, தலையில் வலை, கையில் பாதி கடித்த சமோசா. "என்ன அண்ணா, என்ன கலாட்டா?"

சொன்னேன். அவள் மென்றுகொண்டே கேட்டாள். "சரி, உங்க வீட்டுக் கல்யாணமா இருந்து, மழை வந்து உங்க அப்பா நனைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

"தகரந்தாம்மா" என்றேன் உடனே.

"தகரம் பறந்து அவரு மேல விழுந்துட்டா?"

"ஐயையோ, வேணாம்மா. துணிதான்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மேலேயிருந்து மஸ்தான் சிரித்தார். அந்தோணி சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"அப்பாகிட்ட ஒரு விதமா கேட்டீங்க, அம்மாகிட்ட வேற விதமா கேட்டீங்க. ரெண்டு நாளும் நான் உள்ளதான் இருந்தேன்" என்றாள். "அன்னிக்கே கேக்கலாம்னு நெனச்சேன். பந்தல்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

லூர்து அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அப்பா மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சட்டும்.

ஸ்டெல்லா சமோசாவை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்கு அண்ணா பந்தல் முழுசுக்கும் பயப்படுறீங்க? வர்றவங்க எல்லாருக்கும் கால் இருக்கு. மழை வந்தா சிரிச்சிக்கிட்டே வராண்டாவுக்கு ஓடுவாங்க. ஓட முடியாதது ஒரே ஒரு ஆளு. அவரு ஒருத்தருக்கு மட்டும் நனையாம, மேல எதுவும் விழாம ஒரு கூரை போட முடியுமா, முடியாதா?"

எத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறேன். வானத்தைப் பார்த்திருக்கிறேன், குடோனைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியை மட்டும் நான் பார்க்கவே இல்லை, நானே கொண்டுவந்து போட்ட நாற்காலியை.

"முடியும்" என்றேன்.

தகரம் அத்தனையும் இறங்கிச் சுவரோரம் படுத்தது. மேலே வெறும் துணி. சாமான் வண்டியில் கயிறு மூட்டையைக் கட்டி வந்த நீலத் தார்ப்பாய் ஒன்று இருந்தது. அதை உதறினோம். மாஸ்டர் நாற்காலியைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, விதானத்துக்கு அடியில் தாழ்வாக, பின்பக்கம் சரிவாக அதை இழுத்துக் கட்டினோம். காற்று பிடுங்கினாலும் துணிதான், தலையில் விழுந்தாலும் போர்வைதான். லூர்து அக்கா அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "நாத்தம் அடிக்குது" என்றார். பிறகு, "தூக்குங்க அவரை" என்றார்.

மஸ்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாஸ்டரைத் தூக்கி வந்து வெல்வெட் நாற்காலியில் வைத்தோம். உட்கார்ந்ததும் அவர் கண்ணை மேலே உருட்டித் தார்ப்பாயை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார், அணிவகுப்பைச் சோதிக்கிற மாதிரி. குழறிய வாயால் ஒரு வார்த்தையை எனக்குப் புரியும்படிச் சொன்னார்.

"ஒழுகுமா?"

"ஒரு சொட்டு எறங்காது சார்" என்றேன் நான். கணீரென்று, அட்டென்ஷனில் நின்றுகொண்டு.

மழை வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வரவில்லை. ஃப்ரேசர் டவுன் பக்கமிருந்து வந்தவர்கள் தொப்பலாக வந்தார்கள், குடையை மடக்கி வாசலில் சாத்தினார்கள். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளியும் இல்லை. காற்றும் இரண்டு முறை ஷாமியானாவைப் பொங்க வைத்துவிட்டு, பேப்பர் தட்டுகளைத் தெருவில் ஓடவிட்டு, அடங்கிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து மாஸ்டர் முன்னால் முழங்காலிட்டார்கள். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கினார். உயிரில்லாத அந்தக் கையின் கட்டைவிரலை மகள் நெற்றியில் வைத்து, மெதுவாக, மேலிருந்து கீழாக, பிறகு குறுக்காக இழுத்தார். இடது கையாலேயே போட்டிருக்கலாம், அது நன்றாகத்தான் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. பேண்டு வாசிக்கிறவர்கள்கூட அந்த நேரம் நிறுத்திவிட்டார்கள்.

ஆசீர்வாதம் முடிந்து பிரியாணி பந்தி தொடங்கியதும் என் மேல் விசாரணை தொடங்கியது. "மழையே வரல. இந்தத் தார்ப்பாய் தண்டம்" என்றார் அந்தோணி. "காத்தும் பெருசா வரல. தகரத்த எறக்குனதும் தண்டம்." லூர்து அக்கா, "ராஜா மாதிரி உட்கார வெச்சேன். போட்டோல பாத்தா மேல கட்டட வேலைக்காரங்க கூடாரம் மாதிரி இருக்கும்" என்று வருத்தப்பட்டார். மதியம் என்னால் தூக்கம் கெட்டவர்களே சாயங்காலம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். மழை கொட்டியிருந்தால் அதே வாயால் என்னை மகான் என்றிருப்பார்கள். நான் செய்தது ஒரே வேலைதான். மேகம் எந்தத் தெருவுக்குப் போயிற்று என்பதை வைத்து என் மூளைக்கு மார்க் போட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், நானும் இத்தனை வருஷமாக எனக்கு அப்படித்தானே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. காய்ந்து முடிந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் என் கெட்டிக்காரத்தனம்தான் காரணம் என்று நினைத்திருக்கிறேன். நனைந்து முடிந்த ஒவ்வொன்றுக்கும் வானம்தான் காரணம்.

சரவணா, அந்த வைட்ஃபீல்டு அம்மாவிடம் நீ முதல் முறை என்ன கேட்டாய், தேவி இரண்டாவது முறை என்ன கேட்டாள் என்று இருவரும் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பாருங்கள். அவர் மாறியதில் பாதி உங்கள் வாயில்தான் இருக்கும். யாரிடம் பேசினாலும் எல்லாக் கேள்வியையும் ஒரே மூச்சில் கேளுங்கள். மழை வந்தால் என்ன, காற்று வந்தால் என்ன, இரண்டும் வராவிட்டால் என்ன. அவர்கள் குழம்புவார்கள். குழம்பட்டும். குழம்பாமல் உடனே பதில் வந்தால், நீங்கள்தான் அந்தப் பதிலை அவர்கள் வாயில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இப்போது கம்ப்யூட்டரில் மேகத்தைப் படமாகக் காட்டுகிறார்களாம். பாருங்கள், நல்லதுதான். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பந்தலில் எழுந்து ஓட முடியாத ஆள் யார் என்று கேளுங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருப்பாள், சக்கர நாற்காலி இருக்கும், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் சமையல்காரர் நிற்பார். அவர்களுக்கு மேல் என்ன இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்களுக்குக் கால் இருக்கிறது.

இதையெல்லாம் நான் அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதமே இன்னொரு வீட்டில், "முக்காவாசி காய்ஞ்சேதான் சார்" என்று ஆரம்பித்தேன், மஸ்தான் என் காலை மிதித்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டு அனுப்பியது உங்கள் அம்மாதான். சீட்டு வாங்குவதை நான் விடவில்லை, லாட்டரியையே தடை செய்த பிறகுதான் அது என்னை விட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. மஸ்தானுக்கும் தெரியாது.

மறுநாள் காலை சாமானெல்லாம் குடோனுக்கு வந்து சேர்ந்தது. மஸ்தானும் ஆட்களும் இன்னொரு வீட்டில் முளை அடிக்கப் போய்விட்டார்கள். நான் குடோன் கேட்டை உள்ளே தாழ்போட்டேன். முற்றத்தில் நான்கு கம்பை நிறுத்தி, அந்த நீலத் தார்ப்பாயை அதே உயரத்தில், அதே சரிவில் கட்டினேன். அடியில் அந்த வெல்வெட் நாற்காலியைப் போட்டேன். ஏணி மேல் ஏறி, தொட்டியிலிருந்து மொண்டு வந்த தண்ணீரை வாளி வாளியாகத் தார்ப்பாய் மேல் ஊற்றினேன். பெரும்பாலும் பின்பக்கமாக ஓடிவிட்டது, கொஞ்சம் நடுவில் தொப்பையாகத் தங்கியது. இறங்கி வந்து மாஸ்டர் மாதிரியே முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தேன்.

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு என் வலது தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவருக்கு உணர்ச்சியே இல்லாத பக்கம். நனைவது தெரியாமலேயே நனைந்திருப்பார். இன்னொரு சொட்டு விழுந்தது.

கால் இருக்கிற நான் எழுந்து, நாற்காலியை இடது பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டு, மறுபடியும் உட்கார்ந்தேன்.